விண்மீன் திரளின் சுழற்சி: ஈர்ப்பு விதியையே திருத்தினால்?

கேள்வி:
பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். சனிக்கிழமை வகுப்பில், மையத்திலிருந்து தூரம் நான்கு மடங்கானால் சுற்றும் வேகம் பாதியாகும் என்று போர்டில் போட்டேன். "ஆண்ட்ரோமெடாவில் அப்படிக் குறையலையே சார்?" என்றாள் ஒரு மாணவி. நம் பக்கத்து விண்மீன் திரளான ஆண்ட்ரோமெடாவின் சுழற்சி வேகத்தை 1970இல் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அளந்ததைத்தான் கேட்கிறாள். கண்ணுக்குத் தெரியாமல் ஈர்க்கும் கரும்பொருள் என்று ஒரு வார்த்தையில் கடந்துபோக மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஈர்ப்பு விதியையே திருத்தும் மாண்ட் (MOND) கொள்கையை அவளுக்கு எப்படிச் சொல்வது?

பதில் 1:
அருமையான பிள்ளை சார்! மாண்ட் கொள்கையில் 1983இல் இயற்பியலாளர் மில்க்ரோம் சொன்னது இதுதான்: முடுக்கம் சுமார் 1.2×10⁻¹⁰ மீ/வி²க்கு வெகு கீழே போனால், ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு அல்ல, தூரத்துக்கே எதிர்விகிதத்தில் குறையும். வட்டப்பாதைச் சமன்பாட்டில் போடுங்கள், தூரம் அடிபட்டுப் போகும். வேகத்தின் நான்காம் அடுக்கு = ஈர்ப்பு மாறிலி × நிறை × அந்த முடுக்கம். 10¹¹ சூரிய நிறைக்கு விநாடிக்கு 200 கி.மீ. வருகிறது. இந்த நாலு வரியை அவளையே போடச் சொல்லுங்கள்.

பதில் 2:
மாண்டுக்குச் சிக்கலான புல்லட் கொத்தையும் (விண்மீன் திரள்களின் கொத்து) காட்டுங்கள். இரண்டு கொத்துகள் மோதியதில் வாயு பின்தங்கிவிட்டது. சாதாரணப் பொருளில் பெரும்பங்கு அந்த வாயுதான். ஆனால் ஈர்ப்பால் ஒளி அதிகம் வளைவது வாயு இருக்கும் இடத்தில் அல்ல, விண்மீன் திரள்கள் இருக்கும் இடத்தில்; அதாவது நிறை அங்கேதான் அதிகம். கொத்துகளில் மாண்டுக்கும் கூடுதல் நிறை தேவைப்படுகிறது.

கேட்டவர்:
நன்றி. கணக்கைப் போட்டுப் பார்த்தேன், தூரம் அடிபட்ட இடத்தில் எனக்கே சிலிர்த்தது. திங்கட்கிழமை இரண்டையும் எடுக்கிறேன்.