கைக்குழந்தையோடு பிக்கப் கேம்பர்: வாங்கும் முன் எதை அளக்க வேண்டும்?

வெளிநாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, மடியில் ஏழு மாதக் குழந்தை, பிக்கப் வாங்கி அதன்மேல் கேம்பர் ஏற்றி ஊர் சுற்றலாமா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகச் சுற்றலாம். எங்கள் மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது நாங்கள் கிளம்பினோம். இப்போது கேம்பர் படியில் அவளே ஏறி இறங்குகிறாள். ஆனால் நாங்கள் வாங்கிய வரிசைதான் தப்பு. முதலில் மனதுக்குப் பிடித்த கேம்பர், அப்புறம் அதைச் சுமக்க ஒரு வண்டி, கடைசியில்தான் குழந்தையை எங்கே உட்கார வைப்பது, எங்கே தூங்க வைப்பது என்ற யோசனை. அந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கியிருந்தால் ஒரு நல்ல வண்டியை நஷ்டத்துக்கு விற்றிருக்க வேண்டாம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம், ஏனென்றால் விற்பவர்கள் எல்லாவற்றையும் கேம்பர் என்றே சொல்வார்கள். வீடும் வண்டியும் ஒன்றாக ஓடுவது மோட்டார்ஹோம். கொக்கியில் மாட்டி இழுப்பது டிரெய்லர். நாம் பேசுவது பிக்கப்பின் பின்பக்கச் சரக்குப் பெட்டியில் இறக்கி உட்கார வைக்கும் தனி அறை. வேண்டாத நாளில் அதை நான்கு ஜாக்கிகளில் நிறுத்திவிட்டு வெறும் வண்டியை வேலைக்கு ஓட்டிப் போகலாம். இதன் வசதியும் அந்தப் பிரிவில்தான், தொல்லையும் அதில்தான். கேபின் வேறு, அறை வேறு. வண்டி ஓடும்போது பின்னால் ஆள் உட்காரச் சில இடங்களில் சட்டம் இடம் கொடுக்கும். ஆனால் குழந்தைக்கு அங்கே கார் சீட்டைப் பூட்ட வழி இல்லை, ஆகவே அந்தப் பேச்சே வேண்டாம். குழந்தை வீறிட்டு அழுதால் ஓரமாக நிறுத்தி, மழையோ வெயிலோ இறங்கி, சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்து ஏற வேண்டும். இதை ஒத்துக்கொள்ள முடிந்தால் மேலே படியுங்கள். முடியாதென்றால் உள்ளேயே நடந்து போகக்கூடிய வேன்தான் உங்களுக்குச் சரி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இனி கார் சீட். கைக்குழந்தை பின்னோக்கிப் பார்க்கும்படிதான் உட்கார வேண்டும். அப்படி வைத்த சீட் முன்னும் பின்னுமாக எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்பது வண்டிக்குள் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் முதல் பிக்கப்பில் பின்னிருக்கை என்று ஒன்று இருந்தது, பெயருக்கு. அதில் சீட்டைப் பூட்டியதும் முன்னால் என் முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது. நான்கு முழுக் கதவுகள் உள்ள கேபினைப் பாருங்கள். கூடுதல் நீளம் என்று சொல்லிப் பாதிக் கதவோடு விற்பதில் ஏமாறாதீர்கள். முன்னிருக்கையில் வைத்துவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்றுப்பை வேலை செய்யும் இருக்கையில் பின்னோக்கிய சீட்டை வைக்கவே கூடாது. பை விரிகிற வேகத்தில் அது நேரே குழந்தையின் தலைப்பக்கத்தில் அடிக்கும்.

அடுத்தது தூக்கம். எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். கேம்பர் படங்களில் கேபினுக்கு மேலே நீட்டியிருக்கும் பெரிய மெத்தை அழகாகத் தெரியும். அது தரையிலிருந்து ஓர் ஆளின் மார்பு உயரத்தில் இருக்கிறது. உருளக் கற்ற குழந்தைக்கு அது படுக்கை இல்லை, மொட்டை மாடியின் விளிம்பு. சாப்பாட்டு மேசையை இறக்கிப் படுக்கையாக்குவதும் குழந்தைக்கு ஆகாது. மெத்தைத் துண்டுகள் மென்மையானவை, அவற்றின் நடுவே இடுக்கு விழும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது எளிது: மல்லாக்கப் படுக்க வேண்டும், உறுதியான சமதளமான தனிப் படுக்கை வேண்டும், தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூடாது. முதல் ஆறு மாதமாவது பெற்றோர் தூங்கும் அறையிலேயே, ஆனால் அவர்கள் மெத்தையில் இல்லாமல். அறை ஒன்றே ஒன்று என்பதால் ஒரே அறையில் தூங்குவது தானாக நடந்துவிடும். உறுதியான தனிப் படுக்கைக்குத்தான் இடம் தேட வேண்டும்.

மடக்குத் தொட்டில் பெரும்பாலும் ஒரு மீட்டர் நீளம், எழுபது சென்டிமீட்டர் அகலம் இருக்கும். கேம்பருக்குள் நடக்கும் தரை பல மாடல்களில் அதைவிடக் குறுகல். ஆகவே உங்கள் தொட்டிலின் அளவை ஒரு அட்டையில் வெட்டி எடுத்துப்போய்த் தரையில் விரித்துப் பாருங்கள். விற்பனையாள் சிரிப்பார், பரவாயில்லை. தொட்டில் தரையில் உட்கார்ந்த பிறகு இரவில் மேலிருந்து இறங்க உங்களுக்குக் கால் வைக்க இடம் இருக்கிறதா? கழிப்பறைக் கதவு திறக்கிறதா? இந்த இரண்டு கேள்வியில் நாங்கள் பார்த்த ஒன்பது கேம்பரில் ஆறு கழிந்தன. கார் சீட்டிலேயே இரவு தூங்கட்டும் என்பதும் தீர்வு இல்லை. அது ஓட்டத்துக்கானது, அதில் தலை முன்னால் சரிந்தால் மூச்சுப்பாதை நெருக்கப்படும். பயணத்திலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திக் குழந்தையை வெளியே எடுத்துவிடுங்கள்.

தூக்கத்தோடு சேர்ந்த இன்னொன்று, வண்டி சமமாக நிற்பது. ஒரு சிறிய ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்து, சக்கரத்துக்கு அடியில் கட்டை போட்டுச் சரிசெய்யுங்கள். நமக்குத் தெரியாத சரிவு தொட்டிலில் தெரியும். காலையில் பிள்ளை ஒரு மூலையில் குவிந்து கிடக்கும்.

இப்போது எடைக் கணக்கு. வட அமெரிக்காவில் விற்கும் பிக்கப்பில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவோரத்தில் ஓர் ஒட்டி இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். மற்ற நாடுகளில் வண்டியின் மொத்த அனுமதி எடையிலிருந்து காலி எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் ஓட்டுநருக்கென்று 75 கிலோவைக் காலி எடையோடு சேர்த்தே சொல்வார்கள், அதைக் கவனியுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற இழுவை எடை வேறு. கேம்பருக்கு அது உதவாது.

நாங்கள் சறுக்கிய கணக்கு இதோ. ஒட்டியில் 700 கிலோ. நாங்கள் இருவர் 140, மகளும் கார் சீட்டும் 22. மிச்சம் 538. கேம்பரின் எடை 450 என்று விற்றவர் சொன்னார், நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டோம். அது காலி எடை. தண்ணீர்த் தொட்டியில் 75 லிட்டர் என்றால் 75 கிலோ. நிறைந்த எரிவாயு சிலிண்டர் 17. பேட்டரி 25. துணி, பாத்திரம், டயப்பர் மூட்டை, தள்ளுவண்டி, மடக்குத் தொட்டில் எல்லாம் சேர்ந்து 90. கூட்டினால் 657. எடைமேடையில் ஏற்றிய அன்று கிட்டத்தட்ட அதே கணக்கு வந்தது. 119 கிலோ அதிகம். குழந்தை எட்டுக் கிலோதான், அதன் சாமான்கள்தான் யானைக்குட்டி.

ஸ்பிரிங்குக்கு உதவியாகக் காற்றுப் பலூன் வைத்தால் வண்டியின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும். அதைக் காட்டி, இனி எவ்வளவும் ஏற்றலாம் என்பார்கள். அனுமதி எடை அதனால் ஒரு கிலோகூட உயராது. பிரேக்கும், சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்சிலும், டயரும் பழையவைதானே. எடைமேடையில் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். கேம்பரின் எடை நடுவம் பின் ஆக்சிலுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ விழ வேண்டும். அதற்குப் பின்னால் விழுந்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும். சரக்குப் பெட்டியின் நீளத்துக்குப் பொருந்தாத கேம்பரை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

கெட்டிச் சுவரா, மேலே தூக்கும் கூரையா? எல்லோரும் முதலில் கேட்பது இதை. தூக்கும் கூரை எடை குறைவு, காற்றில் ஆட்டம் குறைவு, பாலத்துக்கு அடியில் பயம் இல்லை. ஆனால் அதன் மேல்பாதி துணி. பக்கத்து வண்டிக் கதவு சாத்தும் சத்தமும் விடிகாலை வெளிச்சமும் அப்படியே உள்ளே வரும், குளிரும் வரும். நெடுஞ்சாலை ஓரத்தில் ஐந்து நிமிடம் டயப்பர் மாற்றவும் கூரையைத் தூக்க வேண்டும், அல்லது குனிந்தபடி மாற்ற வேண்டும். பகல் தூக்கம் தூங்கும் குழந்தை இருக்கிறவரை கெட்டிச் சுவர் என்பது என் கட்சி. அதன் எடையைத் தாங்கும் வண்டி இல்லையென்றால் துணிக்கூரையோடு போங்கள். தாங்காத வண்டியில் கெட்டிச் சுவரை மட்டும் ஏற்றாதீர்கள்.

படியை யாரும் பார்ப்பதில்லை. கேம்பரின் தரை நிலத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலே. மடக்கி வைக்கும் படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். ஒரு கையில் குழந்தை, வெளியே மழை, காலில் சேறு என்று நினைத்துக்கொண்டு ஏறிப் பாருங்கள். அகலப் படியும் பிடிக்க நல்ல கைப்பிடியும் இல்லாததை நான் வாங்க மாட்டேன். தோற்பை போல மார்பில் கட்டிக்கொள்ளும் கேரியர் இருந்தால் இரண்டு கையும் மிச்சம்.

சூடேற்றி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையை வெளியிலேயே தள்ளும் வகைதான் வேண்டும். திறந்த சுடருள்ள சிறு ஹீட்டரையோ அடுப்பையோ அறையைச் சூடாக்கப் பயன்படுத்தினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவி கட்டாயம். எரிவாயுக் கசிவுக்கு வேறு கருவி: அந்த வாயுவான புரொப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால் இந்தக் கருவி தரையோரம் இருக்கும். இரண்டுக்கும் காலாவதித் தேதி உண்டு, பழைய கேம்பரில் முதலில் அதைப் பாருங்கள். குளிருக்குப் போர்வை போர்த்தாமல் உடையோடு சேர்ந்த தூக்கப் பையைப் போடுங்கள். குளிராக இருந்தாலும் கூரைத் துவாரம் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும், இல்லையென்றால் மூவர் மூச்சும் சமையல் ஆவியும் சுவரில் வேர்த்து வடியும்.

தண்ணீர்: தொட்டித் தண்ணீர் கழுவ, குளிக்க. குழந்தைப் பாலுக்குத் தனியாகக் குடிநீர் வைத்துக்கொள்ளுங்கள். பால்பொடியைக் குறைந்தது 70 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில் கரைக்க வேண்டும், ஆறவைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காததைக் கொட்டிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கேம்பரின் வெந்நீர்க் குழாய் சில நேரம் தோல் பொசுங்கும் அளவு சுடும். குளிப்பாட்டும் முன் முழங்கையால் தொட்டுப் பாருங்கள்.

மின்சாரத்துக்கு அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்று, கூரையில் சோலார் பலகை ஒன்று. குளிர்பெட்டி, விளக்கு, காற்றாடி, பால் பம்பு எல்லாம் ஓடும். கூரை ஏசி ஓடாது. வெயில் காலத்தில் மின்இணைப்பு உள்ள முகாமில் தங்குங்கள், அல்லது உயரமான இடத்துக்கு ஏறுங்கள்.

பழையது வாங்குவதாக இருந்தால் மூக்கை நம்புங்கள். பூஞ்சை வாடை அடித்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். ஜன்னலுக்குக் கீழும் மூலைகளிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் உள்ளே மரம் உளுத்திருக்கிறது. டயர் ஓரத்தில் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம்.

கடைசியாக, புதிதாக வந்தவர்களுக்கு மட்டும். உங்கள் உரிமம் அந்த எடையுள்ள வண்டிக்குச் செல்லுமா, காப்பீடு வண்டிக்கு மட்டுமா, மேலே ஏறிய கேம்பருக்கும் சேர்த்தா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்னால் இருப்பதால் அது தானாகவே அடங்கும் என்று நான் நினைத்தேன், அடங்கவில்லை. முடிந்தால் முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள், அதிலும் மழை வரும் வாரமாகப் பாருங்கள். கேம்பர் பார்க்கப் போகிற நாளில் குழந்தை, கார் சீட், தொட்டில் மூன்றையும் கூடவே கொண்டு போங்கள். நாங்கள் இரண்டாவது தடவை அப்படித்தான் போனோம். அவள் உள்ளே ஏறியதும் தொட்டிலில் படுத்து அரை மணி நேரம் தூங்கிவிட்டாள், விற்பனையாள் மெல்லக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.