மினி பிசியில் லைவ் கீபோர்டு: சத்தம் வெட்டுகிறது

கேள்வி: மேடையில் இசைக் கீபோர்டு வாசிக்க விண்டோஸ் மினி பிசி, 16 ஜிபி ரேம், யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை வெளியே கொடுக்கும் பெட்டி). 48 கிலோஹெர்ட்ஸ். பஃபர் (ஒரே தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலியின் அளவு) 64 சாம்பிள் வைத்தால் ‘டிக் டிக்’. 512 வைத்தால் விரலுக்குப் பின்னால் ஒலி வருகிறது. வழி இருக்கா?

பதில் 1: 512 சாம்பிள்னா பஃபர் மட்டுமே 10.7 மில்லிசெகண்ட். 128 வைங்க, 2.7 தான். இன்டர்ஃபேஸ் கம்பெனியோட சொந்த ஆஸியோ (ASIO, தாமதம் குறைந்த ஆடியோ) டிரைவரைப் போடுங்க. பொது டிரைவர் வேண்டாம். வாசிக்கும்போது வைஃபையை டிவைஸ் மேனேஜர்ல டிசேபிள் பண்ணுங்க. ‘டிக்’ சத்தத்துக்குப் பல தடவை வைஃபை டிரைவர்தான் காரணம்.

பதில் 2: லேட்டன்சிமான் (LatencyMon) சாஃப்ட்வேர் பத்து நிமிஷம் ஓடினா எந்த டிரைவர் தாமதம் பண்ணுதுன்னு காட்டிடும்.

பதில் 3: மினி பிசியில பேட்டரி கிடையாது, மறந்துடாதீங்க. கரண்ட்டுல இருந்து ஜெனரேட்டருக்கு மாறுற ஒரு நொடி போதும், ரீஸ்டார்ட் ஆகிடும். சின்ன யூபிஎஸ் கட்டாயம். ஸ்பீக்கர்ல ‘ம்ம்’னு இரைச்சல் வந்தா பெரும்பாலும் கிரவுண்ட் லூப் (எர்த் இணைப்பு ரெண்டு வழியா சுத்தி வர்றது), டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கருவிக்கும் மிக்சருக்கும் நடுவுல போடுற பெட்டி) வழியா மிக்சருக்குக் கொடுங்க. எர்த் பின்னை மட்டும் வெட்டிடாதீங்க, ஷாக் அடிக்கும்.