வேறு கழகத்திலிருந்து தற்காலிகமாகப் பெறும் பேருந்துக்குக் கலைச்சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம். போக்குவரத்து மேலாண்மைப் பட்டயப் படிப்புக்கான பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வரும் திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய இயலில் ஒரு கருத்துக்கு மட்டும் சொல் அமையவில்லை. ஒரு நிறுவனத்துக்கு வண்டிகள் போதாமல் போகும்போது மற்றொரு நிறுவனம் தன் பேருந்துகளைச் சில மாதங்களுக்குக் கொடுத்து உதவுகிறது. தேவை தீர்ந்ததும் அதே பேருந்துகள் உரியவரிடம் திரும்புகின்றன. இந்த ஏற்பாட்டுக்கும், இவ்வாறு வரும் பேருந்துக்கும், கொடுப்பவர் பெறுபவர் இருவருக்கும் ஒரே வேரிலிருந்து பெயர்கள் வேண்டும்.

பாடத்தில் உள்ள எடுத்துக்காட்டு இலண்டன். 1940 செப்டம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சு தொடங்கியபின் ரயில் தடங்களும் டிராம் தடங்களும் அடிக்கடி துண்டிக்கப்பட்டதால் பயணிகளைப் பேருந்துகளே சுமக்க வேண்டியதாயிற்று. அவற்றிலும் பல சிதைந்தன. அக்டோபரில் இலண்டன் போக்குவரத்து வாரியம் பிற ஊர்களிடம் உதவி கேட்டது. ஸ்காட்லாந்து உட்பட நாட்டின் பல பகுதிகளிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட பேருந்துகள் வந்து, தத்தம் ஊரின் வண்ணத்தோடும் பெயரோடும் இலண்டன் தெருக்களில் ஓடின. பின்னர் நிலைமை மாறியது. போர்த் தொழிற்சாலைகளுக்குத் தொழிலாளர் பெருகிய ஊர்களில் வண்டித் தட்டுப்பாடு ஏற்பட, இலண்டன் தன் பழைய இரட்டை அடுக்குப் பேருந்துகளை அங்கே அனுப்பியது. நேற்று பெற்றவர் இன்று கொடுப்பவர் ஆகிவிட்டதால், இரு தரப்பையும் தாழ்த்தாத சொல் தேவைப்படுகிறது.

'கடன் பேருந்து' என்று எழுதிப் பார்த்தேன். படித்தவர்கள் அதனை வங்கிக் கடனில் வாங்கிய பேருந்து என்றே கொண்டார்கள். ஜெர்மானிய வளர்ச்சி வங்கியின் கடனில் நம் மாநிலத்துக்குப் பேருந்துகள் வாங்கப்படும் காலத்தில் அவர்களைக் குறை சொல்ல இயலாது.

கல்லூரித் தமிழாசிரியர் எழுதியது:

ஐயா, இதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவையே இல்லை. 'வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து' என்ற குறளில் (221) அது ஆயத்தமாக இருக்கிறது. அளவு குறித்து வாங்கி, வாங்கியவாறே திருப்பிக் கொடுப்பதே குறியெதிர்ப்பை. வள்ளுவர் ஈகையிலிருந்து இதனைப் பிரித்துக் காட்டுவதைக் கவனியுங்கள்: திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்போடு கொடுப்பது ஈகை ஆகாது. இரு நிறுவனங்களுக்கு இடையே நடப்பதும் அதுதான். புறநானூற்றின் 163ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார், குமணன் தந்த செல்வத்தை மனைவியிடம் ஒப்படைத்து, யார் யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று அடுக்கும்போது, சுற்றத்தின் கடும்பசி தீர 'நெடுங்குறி எதிர்ப்பை நல்கியோர்க்கும்' கொடு என்கிறார். தட்டுப்பாட்டுக் காலத்தில் அக்கம்பக்கத்தார் செய்த உதவி அது. 'எதிர்' என்னும் சொல்லில் மாறாகத் தருதல் என்ற பொருளும், ஒருவருக்கொருவர் நேர்நிற்றல் என்ற பொருளும் சேர்ந்தே இருப்பதால் இருபுற உறவும் தானாக விளங்கும். 'குறியெதிர்ப் பேருந்து' என்று வையுங்கள்.

இதழாளர் ஒருவர் எழுதியது:

குறியெதிர்ப் பேருந்து என்று செய்தியில் எழுதினால், எதிர்த்திசையில் வரும் பேருந்து என்றுதான் வாசகர் நினைப்பார். அடைப்புக்குறியும் அடிக்குறிப்பும் இல்லாமல் நிற்க முடியாத சொல் பாடநூலோடு முடிந்துபோகும். 'கைமாற்றுப் பேருந்து' என்றால் கடைவீதியில் நிற்பவருக்கும் புரியும்.

ஓய்வு பெற்ற பணிமனை மேலாளர் எழுதியது:

நான் பணியாற்றிய நாட்களில் இதற்குத் தனிச்சொல் எதுவும் இருந்ததில்லை. 1972 முதல் உருவான கழகங்கள் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்ற பெயர்களோடு ஓடிய காலத்தில், 'பாண்டியன் வண்டி வந்திருக்கிறது' என்றாலே வெளிக்கழகத்து வண்டி என்று விளங்கிவிடும். 1997இல் அப்பெயர்கள் நீக்கப்பட்ட பின்னர் 'எந்தக் கோட்டத்து வண்டி' என்ற கேள்வி வந்தது. பொங்கலுக்குச் சென்னையிலிருந்தும், கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலைக்கும் பல கோட்டத்து வண்டிகள் ஓடுகின்றன. எல்லாவற்றையும் 'ஸ்பெஷல்' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம்.

ஆனால் அலுவலகத் தமிழில் பொருத்தமான சொல் ஒன்று உண்டு. ஓர் ஊழியர் தன் துறையின் பணியாளராகவே இருந்துகொண்டு இன்னொரு நிறுவனத்தில் சில காலம் வேலை செய்வதை அயற்பணி என்கிறோம். உரிமை ஓரிடம், உழைப்பு வேறிடம், காலம் வரையறுக்கப்பட்டது. 'அயற்பணிப் பேருந்து' என்றால் எந்த எழுத்தரும் விளக்கம் கேட்கமாட்டார்.

யாழ்ப்பாணத்து நூலகர் எழுதியது:

தமிழாசிரியர் ஐயாவின் மேற்கோளை விரும்பி வாசித்தேன். ஆனால் அதிலேயே அதற்கான மறுப்பும் இருக்கிறது. குறியெதிர்ப்பையாக வாங்கிய அரிசி உலையில் போய்விடும். திருப்பிக் கொடுப்பது அதே அளவு வேறு அரிசி. கைமாற்றும் அவ்வாறே, வாங்கிய நோட்டையே யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. பேருந்தோ அதே பதிவெண்ணோடு, அதே பொருளாகத் திரும்ப வேண்டும். பயன்படுத்தியபின் அப்பொருளையே மீட்டுக் கொடுப்பதற்குத் தமிழில் உள்ள சொல் இரவல். நூலகங்களில் இரவல் வழங்கும் பகுதி இருக்கிறது. எங்களிடம் இல்லாத நூலை வேறு நூலகத்திலிருந்து தருவித்து அங்கத்தவருக்குக் கொடுப்பதையும் நூலகங்களுக்கு இடையிலான இரவல் என்றே சொல்கிறோம். நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையில் இச்சொல் முன்னமே புழங்குகிறது. ஆகவே 'இரவல் பேருந்து'.

இன்னொன்று: உங்கள் பாடநூல் எங்கள் பக்கமும் வருமானால் 'பணிமனை' என்பதற்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். இலங்கைப் போக்குவரத்துச் சபையில் நாங்கள் அதனைச் சாலை என்போம். 'வவுனியா சாலையிலிருந்து பஸ் தருவிக்கப்பட்டது' என்ற வரியைத் தமிழகத்து மாணவர் வேறு விதமாக விளங்கிக்கொள்வார்.

கல்லூரித் தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, அரிசியையும் நூலையும் நீங்கள் பிரித்துக் காட்டியதை ஏற்கிறேன். ஆயினும் இரவலின் வேர் இரத்தல். திருக்குறளில் இரவு ஓர் அதிகாரம். அதனை அடுத்து இரவச்சம். வாரியமும் வாரியமும் ஒத்த நிலையில் நிற்கின்றன என்றுதானே கேட்டவர் தொடங்கினார்? தொல்காப்பியர் எச்சவியலில் 'ஈ தா கொடு' மூன்றையும் இரவின் கிளவி என்று கூறி, ஈ இழிந்தோன் கூற்று, தா ஒப்போன் கூற்று, கொடு உயர்ந்தோன் கூற்று என்று வகுக்கிறார். ஒத்தவர் கேட்கும் சொல் தா. எனவே தா என்னும் அடியிலிருந்தே பெயர் பிறக்க வேண்டும். 'தரவு' என்பதைக் கணினித்துறையினர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'தருகைப் பேருந்து' மிஞ்சுகிறது.

யாழ்ப்பாணத்து நூலகர் எழுதியது:

ஐயா, அந்த மூன்றையும் ஒருசேர இரவின் கிளவி என்றவரும் தொல்காப்பியரே. ஒப்போன் கேட்பதும் அவருக்கு இரவுதான். அதில் அவர் இழிவு காணவில்லை. தருகை என்பதில் திரும்பி வரும் என்ற குறிப்பே இல்லை. நன்கொடையாகத் தந்த பேருந்தையும் அப்படித்தானே சொல்ல வேண்டியிருக்கும்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஐந்து சொற்களையும் மூலப் பத்தியில் இட்டுப் பார்த்தேன். இரவல் பேருந்து, இரவல் தந்த நிறுவனம், இரவல் பெற்ற நிறுவனம், பேருந்து இரவல் ஒப்பந்தம் என்று தடையில்லாமல் கிளைத்தது இரவல் மட்டுமே. 'அயற்பணி தந்த நிறுவனம்' என்று எழுதும்போது ஊழியரே கண்முன் நிற்கிறார். வாடகை பேசிப் பெறும் பேருந்துக்குப் பாடத்தில் தனிப்பத்தி இருப்பதால் இரவலையும் வாடகையையும் குழப்பிக்கொள்ளவும் இடமில்லை. வேறு வலுவான மறுப்பு வராவிட்டால் இரவல் பேருந்து என்றே அனுப்பிவிடுகிறேன்.

கல்லூரித் தமிழாசிரியர் எழுதியது:

சொல்லுக்கு உடன்படுகிறேன், எழுதும் முறைக்கு உடன்படவில்லை. இரவலாகிய பேருந்து என்று விரித்தால் அல்வழி. லகரம் றகரமாகத் திரிந்தும் திரியாமலும் வரலாம். இரவலுக்கு உரிய பேருந்து என்று விரித்தால் வேற்றுமை. நன்னூலின்படி திரிந்தே தீர வேண்டும். ஏற்பாட்டின் பெயரால் பேருந்தைச் சுட்டுவதால் இங்கே வேற்றுமையே பொருந்தும். 'இரவற்பேருந்து' என்று அச்சிடுங்கள்.

இதழாளர் எழுதியது:

மாணவர் இணையத்தில் 'இரவல்' என்று தேடினால் அது கிடைக்காது. பிரித்தே எழுதுங்கள்.

ஓய்வு பெற்ற பணிமனை மேலாளர் எழுதியது:

பெரும்பான்மை இரவலின் பக்கம் இருப்பது தெரிகிறது. வண்டியைப் பொறுத்தவரை நானும் தடுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் விழாக் காலத்தில் வெளிக்கோட்டத்து வண்டி தனியே வருவதில்லை. அதன் ஓட்டுநரும் நடத்துநரும் அதனுடனே வருகிறார்கள். வழக்கமான தடத்தை விட்டு, பழகாத சாலையில் இரவெல்லாம் ஓட்டி, வேறு கோட்டத்துப் பணிமனையில் படுக்க இடம் கேட்டு நிற்பவர்கள் அவர்கள். பொருளை இரவல் வாங்கலாம், ஆளை வாங்க முடியாது. உங்கள் பாடநூலில் அந்த ஏற்பாடு வரும் இடத்திலாவது அயற்பணி என்ற சொல்லைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, இந்த இயலில் வண்டிகள் மட்டுமே பேசப்படுகின்றன. பணியாளர் பற்றிய இயல் அடுத்த மாதம் என் கைக்கு வரும். அதற்கு முன்னதாக உங்கள் சொல்லைத் தனி இழையில் விவாதத்துக்கு வைக்கிறேன். றகரத்தைப் பற்றிப் பதிப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.