புதுப்பிப்பு: ஏற்காட்டுத் தகவல் திரையில் மூடியும் நீங்காத சாளரங்கள்

ஏற்காட்டு விடுதி ஒன்றின் வரவேற்பறைக்கு டைரக்டர் என்ற பல்லூடக மென்பொருளில் செய்த தகவல் திரையில், பகோடா பாயின்ட், கிளியூர் அருவி என எதைத் தொட்டாலும் புதிய பெயரில் தனிச் சாளரம் திறப்பதால், மாலைக்குள் கணினி திணறுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். (2017-இல் விற்பனை நின்ற மென்பொருள்தான், விடுதிக்காரர் மாற்ற விரும்பவில்லை.) டைரக்டரின் நிரல்மொழியான லிங்கோவின் 'க்ளோஸ்' கட்டளை சாளரத்தை மறைக்கிறதே தவிர, நினைவகத்திலிருந்து நீக்குவதில்லை, நீக்குவது 'ஃபர்கெட்'. சாளரத்தைச் சுட்டும் குளோபல் மாறிகள் (நிரல் முழுவதற்கும் பொதுவானவை) எஞ்சியிருந்தால் அதுவும் பலிக்காமல் போகலாம் என்பதால், முதலில் அவற்றை வெறுமையாக்கினேன். மேலும், 'ஃபர்கெட்' இடும்போது சாளரத்தை மூடும்போது இயங்கும் நிரல்பகுதியான 'க்ளோஸ்விண்டோ' ஹேண்ட்லர் இயங்குவதில்லை. ஆகவே அருவியின் ஒலியை நிறுத்தும் வரியைக் கட்டளைக்கு முன்பே வைக்க வேண்டும். சாளரங்கள் அடங்கிய 'விண்டோலிஸ்ட்' பட்டியலைக் காலி செய்பவர்கள் கடைசியிலிருந்து பின்னோக்கி வரவும். முன்னிருந்து தொடங்கினால் எண்கள் நகர்ந்து, ஒன்றுவிட்டு ஒன்று தப்பிவிடும்.