பக்கத்துப் பள்ளியில் சேர்க்கலாமா, வீடு மாறலாமா?

உட்லண்ட்ஸ் அம்மா:
இங்கே சிங்கப்பூரில் மகளுக்கு அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஒன்று, அதாவது முதல் வகுப்பு. எங்கள் புளோக்கிலிருந்து சாலையைக் கடந்தால் பள்ளி. ஆனால் என் நாத்தனார், "வாசலில் நின்று பார், மலாய்ப் பிள்ளைகளும் நம்ம பிள்ளைகளும்தான் நிறைய. ரிசல்ட் எப்படி நல்லா வரும்?" என்கிறார். பெயர் பெற்ற பள்ளிகள் இருக்கும் புக்கிட் தீமா பக்கம் வாடகைக்குப் போகச் சொல்கிறார். இந்தப் பள்ளியின் பிஎஸ்எல்இ (ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் தேசியத் தேர்வு) முடிவுகளை எங்கே பார்க்கலாம்?

கணக்கு டீச்சர்:
எங்கேயும் கிடைக்காது, தங்கச்சி. கல்வி அமைச்சு அதைப் பள்ளிவாரியாக வெளியிடுவதில்லை. முதலிடம் யாருக்கு என்று அறிவிப்பதைக்கூட 2012-இல் நிறுத்திவிட்டார்கள். இனவாரியாக வரும் புள்ளிவிவரம் நாடு முழுமைக்குமானது. அதை வைத்து உங்கள் பள்ளியை எடைபோடுவது அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். எனக்கு இதைக் கேட்டாலே மனசு கொதிக்கிறது.

நான் வார இறுதியில் நம் பிள்ளைகளுக்குக் கணக்குத் துணைப்பாடம் எடுக்கிறேன். ஒரு பையன் என் எதிரில் பின்னக் கணக்கை மளமளவென்று போடுவான், வீட்டுப்பாடம் மட்டும் வெற்றுத்தாளாக வரும். விசாரித்தால், ஈரறை வீட்டில் ஆறு பேர், அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட், தம்பியைத் தூங்க வைப்பது இவன் வேலை. அந்த வீட்டில் சீனப் பிள்ளை இருந்தாலும் தாள் வெறுமையாகத்தான் வரும்.

இன்னொன்று, பிஎஸ்எல்இயின் பழைய மதிப்பெண்ணான டி-ஸ்கோர் மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போட்டது. 2021 முதல் அது இல்லை. யார் என்ன எடுத்தாலும், உங்கள் மகள் ஒரு பாடத்தில் 90 எடுத்தால் ஏஎல்1, அதுதான் எட்டு நிலைகளில் மிகச் சிறந்தது. நான்கு பாடத்தின் நிலைகளையும் கூட்டினால் மிகச் சிறந்தது 4, கடைசி 32.

பள்ளிக்கு நேரில் போய்க் கேளுங்கள். தமிழ் அங்கேயே நடக்கிறதா? எல்லாப் பள்ளியிலும் கிடையாது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளை முதல் வகுப்பிலேயே சிறு குழுவாக அழைத்துச் சொல்லித் தரும் கற்றல் ஆதரவுத் திட்டம் அங்கே எப்படி நடக்கிறது? நீங்கள் வேலைக்குப் போவதானால், பள்ளி முடிந்ததும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இடம் இருக்கிறதா?

ஈசூன் அப்பா:
வீடு மாறுவதற்கு முன் ஒன்று. வீட்டுத் தூரத்தைக் காட்டி முன்னுரிமையில் இடம் வாங்கினால், பதிவு தொடங்கும் நாளிலிருந்து குறைந்தது 30 மாதம் அந்த முகவரியிலேயே குடியிருக்க வேண்டும். அந்தப் பக்க வாடகையில் இரண்டரை வருடம், யோசித்துக்கொள்ளுங்கள். பெயர் பெற்ற பள்ளிகளில் 1 கிலோமீட்டருக்குள் இருந்தாலும் குலுக்கல் வரலாம்.

உட்லண்ட்ஸ் அம்மா:
இன்று காலை போனேன். தமிழ் அங்கேயே உண்டு. கற்றல் ஆதரவு ஆசிரியையைப் பற்றிக் கேட்டதும் அலுவலகத்தில் இருந்தவர் நின்று நிதானமாக விளக்கினார். பராமரிப்பு நிலையத்தில்தான் காத்திருப்போர் பட்டியல் நீளமாம்.

கணக்கு டீச்சர்:
அப்படியானால் நாளைக்கே பெயரைக் கொடுத்துவிடுங்கள். சேர்க்கை முடியட்டும் என்று இருந்தால் இடம் போய்விடும்.