ரோமர் 3:25: பேர்சிவலின் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு யாரிடமாவது இருக்கிறதா?

மானிப்பாயில் வியாழன் மாலைகளில் வீட்டு வேதபாடம் நடத்துகிறேன். சென்ற வாரம் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி ரோமர் 3:25இல் விரலை வைத்தபடி, "கிருபாதார பலி என்றால் என்ன அண்ணா?" என்று கேட்டாள். மூலத்தில் இருப்பது 'ஹிலாஸ்தேரியோன்' என்ற கிரேக்கச் சொல். இதே சொல் எபிரெயர் 9:5இலும் வருகிறது. அங்கே நம் வேதாகமம் 'கிருபாசனம்' என்கிறது. உடன்படிக்கைப் பெட்டியின் மூடி, இரத்தம் தெளிக்கப்படும் இடம். ஒரே சொல் இங்கே பலி, அங்கே ஆசனம்! அந்த மூடியின்மேல் இரத்தம் தெளிப்பதைச் சொல்லும் லேவியராகமம் 16ஐ வாசித்ததும் அவள் முகமே மலர்ந்துவிட்டது.

இந்தச் சொல்லின் பொருள் பாவத்தை நீக்குவது என்று வேத அறிஞர் சி. எச். டாட்டும், தேவகோபத்தைத் தணிப்பது என்று லியோன் மொரிஸும் எழுதியவை தெரியும். எனக்கு மொரிஸின் வாதமே பலமாகப் படுகிறது. ரோமர் 1:18இல் பவுல் தேவகோபத்தோடுதானே தொடங்குகிறார்.

நான் தேடுவது வேறு. ஆறுமுக நாவலரின் துணையோடு பேர்சிவல் பாதிரியார் செய்து, 1850இல் அச்சான மொழிபெயர்ப்பில் ரோமர் 3:25, எபிரெயர் 9:5 ஆகிய இரு வசனங்களும் எப்படி இருக்கின்றன? வீட்டிலோ ஆலய அலுமாரியிலோ பழைய பிரதி இருந்தால், அந்தப் பக்கங்களை மட்டும் படம் எடுத்து அனுப்புவீர்களா? அழுத்தி விரிக்க வேண்டாம், தாள் ஒடிந்துவிடும். வரும் வியாழனுக்கு முன் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுவேன்.