புதுப்பிப்பு: காம்போபாக்ஸில் வெற்று வரிகள் – தீர்வு கிடைத்தது

முன்பு கேட்டது: சிஷார்ப் மொழியில் எழுதிய வின்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் திரைச்) செயலியில், இணையத்திலிருந்து இறக்கிய ஜேசான் (தரவுக் கோப்பு) கொண்டு காம்போபாக்ஸில், அதாவது கீழ்விரியும் பட்டியலில், நாடுகளை நிரப்பினால் வரிகளின் எண்ணிக்கை சரி, எழுத்து மட்டும் இல்லை.

காரணம் ஆங்கிலச் சிறிய, பெரிய எழுத்து வேறுபாடு. கோப்பில் 'நேம்' சிறிய எழுத்தில் தொடங்குகிறது, நிரலில் உள்ள வகுப்பில் (கிளாஸ்) பெரிய எழுத்தில். ஜேசானைப் படிக்கும் நூலகமான சிஸ்டம்.டெக்ஸ்ட்.ஜேசான் இயல்பாகவே இரண்டையும் வேறாகப் பார்க்கும். பிழையும் காட்டாது, மதிப்பை வெற்றாகவே ('நல்') விட்டுவிடும். ப்ராப்பர்ட்டிநேம்கேஸ்இன்சென்சிட்டிவ் என்ற அதன் அமைப்பை ட்ரூ ஆக்கியதும் பெயர்கள் வந்துவிட்டன. வகுப்பில் இருப்பவை வெறும் மாறியாக (ஃபீல்ட்) இல்லாமல் கெட், செட் கொண்ட ப்ராப்பர்ட்டியாக இருக்க வேண்டும். ஃபீல்டை இந்த நூலகமும் இயல்பில் நிரப்பாது, எதைத் திரையில் காட்டுவது என்று சொல்லும் டிஸ்ப்ளேமெம்பரும் கண்டுகொள்ளாது. நாட்டின் பெயருக்குப் பதில் வகுப்பின் பெயர்தான் எல்லா வரியிலும் தெரியும்.

அடுத்து வந்தது காஸ்ட் பிழை (ஒரு வகை மதிப்பை இன்னொரு வகையாக மாற்ற முடியாதபோது வருவது). பட்டியலை இணைக்கும் டேட்டாசோர்ஸை முதலில் கொடுத்தால், தேர்வு மாறும்போது ஓடும் செலக்டட்இண்டெக்ஸ்சேஞ்ச்ட் நிகழ்வு உடனே ஓடும். எது மதிப்பு என்று சொல்லும் வேல்யூமெம்பர் அப்போது அமையாததால், தேர்ந்த வரியின் மதிப்பான செலக்டட்வேல்யூ எண்ணாக வராமல் முழு ஆப்ஜெக்டாக வரும். ஆகவே முதலில் டிஸ்ப்ளேமெம்பர், பிறகு வேல்யூமெம்பர், கடைசியில் டேட்டாசோர்ஸ் என்ற வரிசையில் கொடுங்கள்.

'தேர்ந்தெடுக்கவும்' வரி வேண்டுமா? லிஸ்டிலேயே 0ஆம் இடத்தில் சேர்த்துவிட்டு இணையுங்கள். டேட்டாசோர்ஸ் கொடுத்தபின் காம்போபாக்ஸின் ஐட்டம்ஸில் சேர்த்தால் ஆர்க்யுமென்ட்எக்செப்ஷன் பிழைதான்.

ஜேசானை இறக்கும் இடத்தில், முடியும்வரை செயலியை நிறுத்திக் காத்திருக்கும் .ரிசல்ட் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், திரை உறைந்துபோகும். ஃபார்ம் லோடை (திரை திறக்கும்போது ஓடும் நிரல்) 'அசிங்க்' ஆக்கி, திரையை நிறுத்தாமல் காத்திருக்கும் 'அவெய்ட்' போட்டால் போதும்.